வாசகர் கேள்வி – பதில்: டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டை வீட்டிலேயே கழற்றி மாட்டலாமா?

இம்முறை தேர்ந்தெடுத்துள்ள கேள்விகள் அனைத்தும், கியர்பாக்ஸின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டை, அதாவது ஜாயின்ட்டைப் பற்றியவை. தகுந்த கருவிகளும் பொறுமையும் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது. ஆயினும், எதுவரை தாமே செய்வது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறையை நாடுவது என்பதை முதல் நட்டில் கை வைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

கேள்வி: முன்சக்கர இயக்கமுள்ள என் காரில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒலி கேட்கிறது. சக்கரத்தின் உட்புறம், ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது. ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் வைத்தால் ஒலி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. திருப்பத்தில் மட்டும் கேட்கும் அந்த ஒலி, சக்கரத்தின் பக்கம் உள்ள வெளி ஜாயின்ட் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அந்த ஜாயின்ட்டின் வெளிக்கூட்டின் உட்புறத்திலும், ஷாஃப்ட்டின் நுனியில் அமரும் உள்வளையத்தின் வெளிப்புறத்திலும் ஆறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே ஒரு கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் ஆறு எஃகுக் குண்டுகள்தான் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஸெப்பா 1920களில் வடிவமைத்த இந்த அமைப்பில், ஷாஃப்ட் எவ்வளவு மடங்கினாலும் குண்டுகள் அனைத்தும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிறுத்தப்படுவதால், சக்கரத்தின் சுழற்சி வேகம் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறது. பூட் கிழிந்ததும் கிரீஸ் வெளியேறி, அதன் இடத்தில் மணலும் நீரும் புகுகின்றன; எஞ்சிய கிரீஸில் கலந்த மணல் உப்புத்தாள் போலப் பள்ளங்களைத் தேய்த்துக் குழியாக்குகிறது. முழுத் திருப்பத்தில் குண்டுகள் அந்தக் குழிகளின் விளிம்பில் ஏறி விழும் ஒலியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். புதிய கிரீஸ் அந்த ஒலியைச் சில நாள்களுக்கு அமுக்கி வைக்கலாமே தவிர, போன உலோகத்தைத் திருப்பித் தராது.

எனவே உங்களுக்குத் தேவை புதிய ஜாயின்ட், அல்லது இரு ஜாயின்ட்டுகளும் சேர்ந்த முழு ஷாஃப்ட். பூட் கிழிந்திருந்தும் ஒலி எதுவும் இல்லாத நிலையில்தான் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸும் புதிய பூட்டும் போடுவது பயனுள்ள வேலை. இந்த ஜாயின்ட்டைப் பொறுத்தவரை கெட்டுப்போவது பெரும்பாலும் ஜாயின்ட் அன்று, பூட்தான். எஃகின் ஆயுள் அந்த மெல்லிய ரப்பரின் ஆயுளை ஒட்டியே அமைகிறது. ஆகவே டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்து, வெடிப்பு தொடங்கும்போதே மாற்றிவிடுபவருக்கு ஜாயின்ட்டின் செலவு மிச்சம்.

ஒலியையும் அதிர்வையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நேராகச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்கி, காலை எடுத்ததும் குலுக்கம் அடங்கினால், சந்தேகிக்க வேண்டியது கியர்பாக்ஸ் பக்கம் உள்ள உள் ஜாயின்ட். வண்டியின் வேகத்தோடு கூடிக் குறையும் தொடர்ந்த முரல் ஒலி என்றால் அது பெரும்பாலும் வீல் பேரிங். இவ்விரண்டுக்கும் வெளி ஜாயின்ட்டைப் பிரிப்பது வீண் வேலை.

கேள்வி: சக்கரத்தின் நடுவில் உள்ள பெரிய ஆக்ஸில் நட்டை, வண்டியை ஜாக்கில் தூக்கிய பிறகு கழற்ற முயன்றேன், சக்கரம் சுழல்கிறதே தவிர நட் அசையவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த நட், சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே இளக்கப்பட வேண்டியது. பல கார்களில் அது 180 முதல் 320 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்பட்டிருக்கும். தூக்கி நிறுத்திய வண்டியின் மேல் அவ்வளவு விசையைச் செலுத்துவது வண்டியை ஸ்டாண்டிலிருந்து சாய்த்துவிடக்கூடிய ஆபத்தான செயல். கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் நிறுத்தி, ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி, நீண்ட கைப்பிடியுள்ள கம்பியால் மெதுவாக, ஆனால் தொடர்ந்து அழுத்த வேண்டும். அதற்கு முன், நட்டின் விளிம்பு ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் உளியால் அடித்து மடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடக்கியிருந்தால், அந்த மடிப்பை முதலில் நிமிர்த்தாமல் நட்டைத் திருப்பினால் மரை அறுந்துவிடும்.

இதில் அனுபவசாலிகள்கூடக் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பல கார்களில் வீல் பேரிங்கை ஒன்றாக இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டின் இழுவிசைதான். நட்டை முழுவதும் தளர்த்திய பிறகு வண்டியின் எடையைச் சக்கரத்தின் மேல் இருக்கவிட்டாலோ, வண்டியைச் சில அடி தள்ளினாலோ, நன்றாக இருந்த பேரிங் கெட்டுவிடக்கூடும். ஆகவே தரையில் இருக்கும்போது நட்டின் பிடியை மட்டும், கால் சுற்று அளவுக்குத் தளர்த்தினால் போதும். பிறகு வண்டியைத் தூக்கி, கையேடு குறிப்பிடும் இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, எடை ஸ்டாண்டின் மேல் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு மீதியைச் சுழற்றி எடுக்கலாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் உடலின் எந்தப் பகுதியையும் கொண்டுசெல்லக் கூடாது.

கேள்வி: ஷாஃப்ட்டைக் கழற்றும்போது உள் ஜாயின்ட் பூட்டுக்குள்ளேயே பிரிந்துவிட்டது. எங்கே தவறு நேர்ந்தது?

பதில்: ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். உள் ஜாயின்ட் பெரும்பாலும் மூன்று கால்களும் அவற்றின் மேல் உருளும் மூன்று உருளைகளும் கொண்ட ட்ரைபாட் வகையைச் சேர்ந்தது. சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும்போது ஷாஃப்ட்டின் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை ஈடுகட்ட, அந்த உருளைகள் கூட்டுக்குள் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும்படி அமைக்கப்பட்டவை. கூட்டைப் பிடிக்காமல் தண்டை இழுத்தால் உருளைகள் கூட்டைவிட்டு வெளியே வருவது இயல்பே. பூட்டைத் திறந்து, உருளைகளும் அவற்றுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளும் சிதறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, அழுக்குப் படாமல் திரும்பப் பொருத்தி, பூட்டுக்குப் புதிய கிளிப் போட்டுவிட்டால் பெரும்பாலும் சேதம் இராது.

அடுத்த பக்கத்தைக் கழற்றும்போது முறை இதுவாக இருக்கட்டும். லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, தேவையானால் டை ராட் முனையையும் விடுவித்து, ஏ.பி.எஸ். வயரையும் பிரேக் ஹோஸையும் அவற்றின் பிடிகளிலிருந்து தளர்த்திய பிறகு, சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதியான ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் ஷாஃப்ட்டின் மரை முனை ஹப்பிலிருந்து நழுவும். காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸிலேயே தொங்கவிட்டால் ஹோஸின் உட்புறம் விரிசல் விடக்கூடும், வெளியே எதுவும் தெரியாது. முனை துருப்பிடித்து இறுகியிருந்தால் பழைய நட்டை மரையின் நுனியோடு சமமாக நிற்கும்படி திருகிவிட்டு, பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுத்தியலால் தட்டுங்கள். வெறும் மரையின் மேல் இரும்புச் சுத்தியல் ஒருமுறை விழுந்தாலே நுனி பூத்துவிடும். பிறகு எந்த நட்டும் ஏறாது.

கியர்பாக்ஸ் பக்கத்தில், உள் ஜாயின்ட்டின் கூட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே தட்டையான நெம்புகம்பியை வைத்து ஒரு சிறு உந்தல் கொடுத்தால், உள்ளே பிடித்திருக்கும் சர்க்ளிப் (பள்ளத்தில் அமரும் வளையக் கிளிப்) விடுபடும். சில கார்களில் இந்த ஜாயின்ட் போல்ட்டுகளால் ஒரு ஃபிளாஞ்சில் இணைக்கப்பட்டிருக்கும். அங்கே நெம்ப வேண்டியதில்லை. ஷாஃப்ட் வெளியே வந்ததும் கியர் ஆயில் வழியும் என்பதால் கீழே ஒரு தட்டு இருக்கட்டும். இரு பக்க ஷாஃப்ட்டுகளையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள். சில கியர்பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலின் உட்பற்சக்கரங்கள் இடம் நழுவி, ஷாஃப்ட்டைத் திரும்ப நுழைக்கவே முடியாமல் போகும்.

கேள்வி: ஷாஃப்ட்டை வைஸில் பிடித்து வெளி ஜாயின்ட்டை எவ்வளவு அடித்தும் அது கழன்று வரவில்லை. சூடுபடுத்தலாமா?

பதில்: வேண்டாம். சூடு, உறுதியேற்றப்பட்ட எஃகின் கடினத்தைக் கெடுத்துவிடும். முதலில் கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, ஷாஃப்ட் உள்வளையத்துக்குள் நுழையும் இடத்தை விளக்கொளியில் பாருங்கள். சில ஜாயின்ட்டுகளில் விரித்துப் பிடிக்கக்கூடிய சர்க்ளிப் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அதைச் சர்க்ளிப் பிளையரால் விரித்தபடியே ஜாயின்ட்டை இழுக்க வேண்டும். விரிக்காமல் அடிப்பது சுவரில் அடிப்பதற்குச் சமம். வேறு சில ஜாயின்ட்டுகளில் வட்டக் கம்பியாலான கிளிப் ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும். அங்கே ஷாஃப்ட்டைச் செம்பு அல்லது மரத் துண்டுகளுக்கிடையே வைஸில் இறுக்கி, உள்வளையத்தின் மேல் மட்டும் படும்படி ஒரு பித்தளைத் துண்டை வைத்து ஒரே அழுத்தமான அடி கொடுத்தால் அது சுருங்கி வழிவிடும். கூண்டின் மேலோ குண்டின் மேலோ அடி விழக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கடினமான எஃகும் எஃகும் மோதினால் சில்லு தெறிக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் வெளி ஜாயின்ட்டை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கவே முடியாதபடி அமைக்கின்றனர். அத்தகைய வண்டியில் வெளிப் பூட்டை மாற்ற, உள் ஜாயின்ட்டையும் அதன் பூட்டையும் கழற்றிவிட்டு, புதிய பூட்டை ஷாஃப்ட்டின் மறுமுனை வழியாக நுழைத்துக் கொண்டுவர வேண்டும். ஷாஃப்ட்டின் நடுவே அதிர்வைத் தணிக்கும் எடை வளையம் இருந்தால் அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். உங்கள் வண்டி எந்த வகை என்பதைச் சுத்தியலை எடுப்பதற்கு முன் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்துவிடுவதே நல்லது.

கேள்வி: சுத்தம் செய்வதற்காகக் குண்டுகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். திரும்பப் பொருத்தினால் ஜாயின்ட் ஒரு பக்கம் மடங்க மறுக்கிறது.

பதில்: உள்வளையமோ கூண்டோ தலைகீழாக அமர்ந்திருக்க வேண்டும். பல ஜாயின்ட்டுகளில் உள்வளையத்தின் ஒரு முகத்தில் மட்டும் சரிவோ படியோ வெட்டப்பட்டிருக்கும். கழற்றியபோது அது எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருந்தால்தான் குண்டுகள் தம் தளத்தில் நிற்கும், கிளிப்பும் தன் இடத்தில் பிடிக்கும். உள்வளையத்தைக் கூண்டுக்குச் செங்குத்தாகத் திருப்பி, அதன் ஒரு மேட்டைக் கூண்டின் ஜன்னல் வழியே நுழைத்துப் பிறகு நேராக்குங்கள். அவ்விரண்டையும் சேர்த்து, வெளிக்கூட்டுக்குள்ளும் அதேபோலச் செங்குத்தாக நுழைத்துத் திருப்ப வேண்டும். கூண்டின் ஜன்னல்களில் இரண்டு மற்றவற்றைவிட அகலமாக இருந்தால், அவற்றை வெளிக்கூட்டின் மேடுகளுக்கு நேரே பிடித்தால்தான் கூண்டு உள்ளே இறங்கும். பிறகு உள்வளையத்தை இயன்றவரை சாய்த்து, எதிர் ஜன்னல் மேலெழும்போது ஒரு குண்டு என ஆறையும் கட்டைவிரலால் அழுத்தி அமர்த்துங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த முறை பிரிப்பதற்கு முன் மூன்று உறுப்புகளின் மேலும் பெயின்ட்டால் ஒரே கோட்டில் குறியிட்டுவிடுங்கள். உளியாலோ பஞ்ச் கருவியாலோ குத்தக் கூடாது. ஒவ்வொரு குண்டும் தன் பழைய ஜன்னலுக்கே திரும்பட்டும். ஒரு ஜாயின்ட்டின் குண்டுகளை மற்றொன்றில் போடவே கூடாது, ஏனெனில் அவை அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டவை.

பிரித்துவிட்ட நிலையில் நன்றாக ஆராய்ந்து பாருங்கள். பள்ளங்களில் பளபளப்பான தடம் மட்டும் தெரிந்தால் கவலையில்லை. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் குழி, செதில் உரிந்த இடம், சூட்டால் நீலம் பாய்ந்த நிறம், கூண்டில் மயிரிழை வெடிப்பு, ஜன்னலுக்குள் குண்டு தளர்ந்து ஆடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், சுத்தம் செய்யும் முயற்சியை அத்துடன் விட்டுவிட்டுப் புதிய ஜாயின்ட் வாங்குங்கள். வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரு முனைகளிலும் ஸ்ப்ளைன் பற்களின் (தண்டின் நீளவாக்கில் வெட்டிய பற்களின்) எண்ணிக்கை, ஏ.பி.எஸ். பல்வளையம் இருந்தால் அதன் பற்களின் எண்ணிக்கை ஆகியவை ஒத்திருக்க வேண்டும். பல்வளையத்தின் கணக்குத் தவறினால் வண்டி ஓடும், ஆனால் ஏ.பி.எஸ். தவறான வேகத்தைப் படிக்கும்.

கேள்வி: வீட்டில் பொதுப் பயன்பாட்டுக்கான பேரிங் கிரீஸ் இருக்கிறது. அதையே வைக்கலாமா? எவ்வளவு வைப்பது?

பதில்: வைக்கக் கூடாது. குண்டுகள் பள்ளத்தில் உருளுவதோடு சறுக்கவும் செய்வதால், அழுத்தத்தைத் தாங்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த சி.வி. ஜாயின்ட் (சுழற்சி வேகத்தைச் சீராகக் கடத்தும் இந்த வகை ஜாயின்ட்) கிரீஸ் வெளி ஜாயின்ட்டுக்குத் தேவை. ட்ரைபாட் வகை உள் ஜாயின்ட்டுக்குச் சில தயாரிப்பாளர்கள் வேறு கிரீஸைக் குறிப்பிடுகின்றனர். இரண்டையும் மாற்றி வைக்காதீர்கள், பழைய கிரீஸின் மேல் புதியதையும் பூசாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்ந்த பிறகே கிரீஸ் வைக்க வேண்டும். மிஞ்சிய மண்ணெண்ணெய் கிரீஸை இளக்கி, பூட்டின் ரப்பரையும் உப்பச் செய்யும். அளவைப் பொறுத்தவரை, பூட்டோடு வரும் பொட்டலத்தில் உள்ளதே கணக்கு. ஏறத்தாழ பாதியைக் குண்டுகளுக்கிடையே விரலால் அழுத்தி நிரப்பி, மீதியைப் பூட்டுக்குள் வையுங்கள். கூடுதலாகத் திணித்தால் பூட் உப்பிக் கிளிப்பிலிருந்து நழுவும்.

கேள்வி: ஜாயின்ட்டைக் கழற்றாமலே மாட்டக்கூடிய, இரண்டாகப் பிளந்த பூட் கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கிறது. அதன் இணைப்புக் கோட்டில் ஒரு துளி கிரீஸ் பட்டிருந்தாலும் பசை பிடிக்காது. கிழிந்த பூட்டைச் சுற்றிக் கிரீஸ் படாத இடமே இருப்பதில்லை. மேலும், உள்ளே புகுந்த மணலை அது வெளியேற்றுவதும் இல்லை. வழியில் நின்றுவிட்டால் ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவே.

கேள்வி: திரும்ப மாட்டும்போது மறக்கக் கூடாதவை எவை? எல்லாம் முடிந்த பிறகு பூட் ஷாஃப்ட்டில் இல்லாதது தெரிந்து மீண்டும் கழற்றிய நண்பர் ஒருவர் இருக்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் தனியானவர் அல்லர். முதலில் சிறிய கிளிப், பிறகு பூட், அதன் பிறகே ஜாயின்ட் என்பதுதான் வரிசை. ஸ்ப்ளைன் பற்கள் புதிய ரப்பரைக் கீறாதிருக்க அவற்றின் மேல் டேப் சுற்றி, பூட் கடந்ததும் அதை எடுத்துவிடுங்கள். ஷாஃப்ட்டின் சர்க்ளிப் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். சில வண்டிகளில் ஜாயின்ட்டுக்குப் பின்னால் குழிந்த ஸ்பிரிங் வாஷரும் ஒரு வளையமும் வரும். அவற்றின் குழிந்த பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளைன் பொருந்தியதும் மரைமுனையில் பழைய நட்டைத் திருகி, பிளாஸ்டிக் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். கிளிப் பிடிக்கும்போது ஒலி மாறும். அதன் பிறகு ஜாயின்ட்டைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டின் இரு விளிம்புகளும் அவற்றுக்குரிய பள்ளங்களில் முறுக்கின்றி அமர்ந்ததும், பெரிய கிளிப்பை இறுக்கும் முன் மழுங்கிய தட்டைக் கருவி ஒன்றை விளிம்பில் செருகி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால், சூடேறும்போது காற்று விரிந்து பூட் பருத்தும், குளிரும்போது மடிப்புகள் உள்வாங்கியும் விரைவில் கிழியும். கிளிப்புகளை அதற்குரிய இடுக்கியால் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை இந்த வேலைக்கு ஆகாது.

ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸில் நுழைக்கும்போது ஆயில் சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவி, ஷாஃப்ட்டின் பற்கள் அந்த உதட்டைத் தொடாதபடி நேராகத் தாங்கிச் செலுத்துங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு தொடங்கும் கசிவுகளுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். கிளிப் பிடித்த பின் கூட்டைப் பிடித்து இழுத்துச் சோதியுங்கள், தண்டைப் பிடித்து அல்ல. மறுமுனையில் ஆக்ஸில் நட் புதியதாக இருக்க வேண்டும். மடக்கி அடித்த நட்டையும் தானே பூட்டிக்கொள்ளும் நட்டையும் இரண்டாம் முறை நம்ப முடியாது. அதன் இறுதி இறுக்கத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் கொடுங்கள். சில வண்டிகளில் முதலில் ஓர் அளவு, பிறகு குறிப்பிட்ட கோணம் என இரு படிகள் இருக்கும். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, கைக்கு எட்டிய அளவு இறுக்கிவிட்ட பின்னரே சக்கரத்தைத் தரையிறக்க வேண்டும். இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் எவ்வளவு இறுகியது என்பது யாருக்கும் தெரியாது. பால் ஜாயின்ட் போல்ட்டுக்கும் சக்கர நட்டுகளுக்கும் அவற்றின் அளவுகளைக் கையேட்டிலிருந்தே எடுங்கள். இந்த அளவுகளைப் பெற வழியில்லை, டார்க் ரெஞ்சும் இல்லை என்றால், இந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுவதே என் பரிந்துரை.

கேள்வி: பின்சக்கர இயக்கமுள்ள வண்டியின் நீண்ட ஷாஃப்ட்டில் யு.ஜே. கிராஸை (யூனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவை வடிவ உறுப்பை) மாற்றிய பிறகு புதிதாக அதிர்வு வந்திருக்கிறது. கிராஸ் சரியில்லையா?

பதில்: கிராஸைக் குறை சொல்வதற்கு முன், ஷாஃப்ட் பழைய நிலையில் மாட்டப்பட்டதா என்று பாருங்கள். யூனிவர்சல் ஜாயின்ட், சி.வி. ஜாயின்ட்டைப் போல வேகத்தைச் சீராகக் கடத்துவதில்லை. கோணம் இருக்கும்வரை, வெளியேறும் தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. 30 பாகைக் கோணத்தில் அந்த வேறுபாடு மேல்நோக்கி ஏறத்தாழ 15 விழுக்காடும் கீழ்நோக்கி ஏறத்தாழ 13 விழுக்காடும் ஆகும். வண்டிகளில் கோணம் இதைவிட மிகச் சிறியது என்றாலும் விளைவு அற்றுப்போவதில்லை. ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள இரண்டாவது ஜாயின்ட் இந்த ஏற்ற இறக்கத்தை எதிர்த்திசையில் செய்து ஈடுகட்டுகிறது. அதற்கு, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைத் தாங்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். நடுவில் வழுக்கும் ஸ்ப்ளைன் உள்ள ஷாஃப்ட்டைப் பிரித்து, ஒரு பல் தள்ளி மாட்டினாலே இந்த ஈடு குலைந்து அதிர்வு தொடங்கிவிடும். ஃபிளாஞ்சுகளையும் கழற்றுவதற்கு முன் குறியிட்டு அதே குறியில் மாட்டாவிட்டால், ஆலையில் செய்த பேலன்ஸும் மாறும்.

இவை சரியாக இருந்தால் அடுத்து கிராஸின் கிண்ணங்களைப் பாருங்கள். அழுத்தி நுழைக்கும்போது கிண்ணத்துக்குள் உள்ள பேரிங் ஊசி ஒன்று சரிந்து அடியில் குறுக்காக விழுந்திருந்தால் கிண்ணம் முழுவதும் இறங்காது, சர்க்ளிப்பும் பள்ளத்தில் அமராது. சர்க்ளிப் போட்ட பின் ஜாயின்ட் ஒரு திசையில் விறைப்பாக அசைந்தால், கவையின் பக்கத்தில் பிளாஸ்டிக் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் கிண்ணம் சர்க்ளிப்பில் போய்ச் சாய்ந்து இளகும். தட்டியும் இளகாத கிராஸைப் பிரித்துப் பாருங்கள். ஓட ஓடச் சரியாகும் என்று விட்டுவைத்தால் ஊசிகள் பொடியாகும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. உடனே ஓட்டலாமா?

பதில்: முதலில் சமதளத்தில் நிறுத்தி, கியர் ஆயில் அளவைப் பார்த்து, வழிந்த அளவுக்கு அதே தர ஆயிலை ஊற்றுங்கள். காலிப்பரைத் தொட்டிருந்தால் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியானதை உறுதி செய்துகொள்ளுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பிரேக் இராது. பிறகு மெதுவான வேகத்தில் இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி ஓட்டி, திரும்பி வந்ததும் பூட்டின் கிளிப்புகளையும் கியர்பாக்ஸ் சீலையும் விளக்கடித்துப் பாருங்கள். டை ராட் முனையின் நீளம் மாறியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் வீல் அலைன்மென்ட் செய்துகொள்ள வேண்டும்.